தோட்டப்பட்டணத்தில் ஒரு துப்பறிவாளர்: எழுத வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியத் தோட்டப்புறத்தை வைத்து ஒரு குற்றப்புனைவு எழுத வேண்டும், அதில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு தனியார் துப்பறிவாளர் வர வேண்டும் என்று ஆசைப்படும் இளையோர் பலர் என்னிடம் பேசுகிறார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இந்த வகைக் கதை நம் மண்ணுக்கு மிகவும் தேவை என்பது என் உறுதியான எண்ணம். அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கோலாலம்பூரை விட்டுவிட்டு ஏன் தோட்டப்பட்டணம்?

நம்மவர்களின் கணக்கு அங்கேதான் இன்னும் தீராமல் கிடக்கிறது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறின. வேலை போனது, வேலையோடு வீடும் போனது. அந்த அவலத்தைப் பார்த்துத்தான் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சொந்தக் காசிலேயே தோட்டம் வாங்க வழி செய்தார். பிறகு ரப்பர் போய் எண்ணெய்ப்பனையான செம்பனை வந்தது. அதன் பின் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் நிலத்தின் விலை ஏறியது, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தவர் வெளியேறினார்.

இதில் எத்தனை கையெழுத்து, எத்தனை வாய்மொழி வாக்குறுதி, எத்தனை காணாமல்போன கோப்பு! குற்றக்கதை எழுதுபவர் வேறு எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை.

உண்மையான ஊரை வைக்கலாமா, கற்பனை ஊரா?

பட்டணம் உண்மையாக இருக்கட்டும், தோட்டத்துக்கு மட்டும் நீங்களே பெயர் வையுங்கள். நடந்திராத கொலையை நிஜத் தோட்டத்தின் தலையில் கட்டினால் அங்கே இன்னும் குடியிருப்பவர்களுக்கு மனக்கஷ்டம்.

பேராக்கில் ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் சுங்கை சிப்புட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில் அந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து பிறப்பிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி இருப்பதும் அந்த ஊரில்தான். பக்கத்தில் கோலகங்சார். 1877இல் அங்கே நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் இன்னும் மரமாக நிற்கிறது. இப்படி ஓர் ஊரில் உங்கள் துப்பறிவாளர் ஒரு முதியவரைப் பேட்டி கண்டால், அந்த முதியவரின் அப்பா அவசரகாலத்தில் மக்களை அடைத்துவைத்த கம்பி வேலிக்குள் வாழ்ந்தவராக இருக்கலாம். மாத்தா (போலீஸ்) என்றாலே வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் அந்த வீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று வாசகருக்கு நீங்கள் விளக்கவே வேண்டாம்.

மலேசியாவில் தனியார் துப்பறிவாளர் என்று ஒரு தொழில் சட்டப்படி உண்டா?

உண்டு. 1971ஆம் ஆண்டு தனியார் நிறுவனங்கள் சட்டம், அதாவது சட்டம் 27, இதைக் கட்டுப்படுத்துகிறது. பாதுகாவலர் நிறுவனங்களும் துப்பறியும் நிறுவனங்களும் ஒரே சட்டத்தின் கீழ் வருகின்றன. உரிமம் தருவது உள்துறை அமைச்சு. உரிமம் இல்லாமல் இந்தத் தொழில் நடத்துவது குற்றம்.

கதைக்கு இது பெரிய வசதி. உங்கள் நாயகருக்குச் சொந்த உரிமம் உண்டா, அல்லது ஈப்போவில் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருக்கிறாரா என்பதை முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். சம்பளத்துக்கு இருப்பவர் என்றால், முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் வழக்கைப் பாதியில் விட வேண்டிய நிலை. அந்த நெருக்கடி பல அத்தியாயங்களைத் தாங்கும்.

அவரால் கைது செய்ய முடியுமா? துப்பாக்கி வைத்திருக்கலாமா?

போலீஸ் அதிகாரம் எதுவும் அவருக்குக் கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, கண்ணெதிரே கடுமையான குற்றம் நடந்தால் எந்தப் பொதுமகனும் குற்றவாளியைப் பிடித்துத் தாமதமில்லாமல் போலீசிடம் ஒப்படைக்கலாம். அவ்வளவுதான். அடுத்தவர் போனை ஒட்டுக்கேட்பதும் சட்டப்படி குற்றம். துப்பாக்கியை மறந்துவிடுங்கள்.

அப்படியானால் எந்தப் பலமும் இல்லாதவரை நாயகராக்கி என்ன செய்வது?

அவருடைய பலம் வேறு இடத்தில் இருக்கிறது. தோட்டத்து மனிதர்கள் யாரிடம் பேசுவார்கள் என்று யோசியுங்கள். சீருடையிடம் பேச மாட்டார்கள். கோட்டுப் போட்ட வக்கீலிடம் தலையாட்டுவார்கள், விஷயம் வராது. பக்கத்து லயத்து மாரியம்மாவின் பேத்தியிடம் பசியாறிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணை எழுதச் சொல்வேன். அப்பா தோட்டத்தில் ஆபீஸ் கிராணி, அதாவது எழுத்தர். அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கும் குழுவில் வேலை பார்த்தவர். இவள் ஐந்தாம் படிவம் முடித்து ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபது வருடம் கிராணியாக இருந்தவள். நில அலுவலகத்தில் எந்த முகப்பில் எந்தப் பாரம் கொடுக்க வேண்டும் என்று தூக்கத்திலும் சொல்வாள். மலாய் மொழிக் கடிதத்தில் ஒரு சொல் இடம் மாறியிருந்தாலும் அவள் கண்ணில் படும். அடிதடி தெரியாது. கஞ்சில் காரில் போவாள். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கோயிலுக்குப் போவாள். பக்தி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கோயில் சுவரில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை இருக்கிறது அல்லவா? எந்த வருடம் யார் எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார், எந்தக் குடும்பத்தின் பெயர் திடீரென்று மேலே ஏறியது, எது நின்றுபோனது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

ஆண் நாயகர்தான் வேண்டும் என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸரின் மகன், வேலையை விட்ட சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) அதிகாரி, மூடப்பட்ட தமிழ்ப்பள்ளியின் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு ஊர்ப் பிள்ளைகளின் பிறந்த தேதியெல்லாம் நினைவில் இருக்கும். அது சாதாரண ஆயுதமில்லை.

எந்தக் குற்றத்தை எடுப்பது?

தோட்டத்துக்கே உரிய குற்றத்தை எடுங்கள். நகரத்தில் நடந்திருக்கக்கூடிய கொலையைக் கொண்டுவந்து செம்பனைக் காட்டில் போட்டால் அது தோட்டக் கதை ஆகாது.

எனக்குப் பிடித்தது நிலம். தேசிய நிலச் சட்டத்தின்படி பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். இந்த நிலத்தில் எனக்கும் பாத்தியதை உண்டு என்று நினைப்பவர் ஒரு தனியார் கேவியட் போடலாம். கேவியட் இருக்கும் வரை நிலத்தைக் கைமாற்ற முடியாது. ஆனால் அது ஆறு ஆண்டில் தானாகக் காலாவதியாகிவிடும். இப்போது பாருங்கள்: லயத்து வீடுகளுக்காக ஒரு பெரியவர் கேவியட் போட்டிருக்கிறார். ஆறாம் ஆண்டு முடிய இன்னும் சில வாரங்கள்தான். வழக்குத் தொடுக்க ஈப்போவுக்குக் கிளம்ப வேண்டிய நாளில் அவர் கால்வாயில் பிணமாகக் கிடக்கிறார். வழுக்கி விழுந்தார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கோப்பைப் புரட்டும் உங்கள் துப்பறிவாளருக்கு மட்டும் அந்தத் தேதி உறுத்துகிறது. உரிய கட்டணம் கட்டினால் யாரும் நிலப் பதிவேட்டைத் தேடிப் பார்க்கலாம், கம்பெனிப் பதிவகத்தில் ஒரு கம்பெனியின் இயக்குநர்கள் யார் என்று வாங்கிப் பார்க்கலாம். எந்தச் சட்டத்தையும் மீறாமல் அவள் கொலைகாரனின் வாசல் வரை போய்விடலாம்.

இன்னொன்று, ஆவணமில்லாத மனிதர்கள். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து செத்த பாட்டிகள், பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விடப்பட்ட பிள்ளைகள். பதிவில் இல்லாத ஒருவர் காணாமல் போனால், காணவில்லை என்று எப்படி நிரூபிப்பது? இதை எழுதுவதற்குத் துணிவும் வேண்டும், அந்தக் குடும்பங்கள் மேல் மரியாதையும் வேண்டும்.

செம்பனைக் குலைத் திருட்டைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். குலைகளை வாங்கி விற்பவருக்கு மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் தேவை. திருட்டுக் குலை எப்படியோ உரிமம் பெற்ற ஒருவர் கை வழியாகத்தான் ஆலைக்குள் போக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதே பாதி நாவல்.

தடயங்கள் எப்படி இருக்க வேண்டும்? கைரேகை, கேமரா இவற்றைத் தவிர வேறு என்ன?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு உற்சாகம். தோட்டம் முழுக்கத் தடயம்தான், பார்க்கத் தெரிந்தவர் வேண்டும்.

ரப்பர் மரத்தை எடுங்கள். விடியும் முன்பே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, தங்களுக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குப் போகிறார்கள். வெயில் ஏறினால் பால் ஓடுவது குறையும். முதலில் பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை இழுத்து எடுத்துவிட்டு, உளியால் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல வருடம் மரம் வெட்டியவரின் கை ஒரே சீராகப் போகும். அவசரமாகவோ பழக்கமில்லாமலோ வெட்டிய கை தடுமாறும். இப்போது சந்தேக நபர் சொல்கிறார்: அன்று காலை நான் என் நிரையில்தான் இருந்தேன், வேண்டுமானால் மரத்தைப் போய்ப் பாருங்கள், வெட்டியிருக்கிறது. துப்பறிவாளர் ஒரு பழைய மண்டோரை, அதாவது வேலை மேற்பார்வையாளரை, கூட்டிக்கொண்டு போகிறார். அவர் நாலு மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது அவன் கை இல்லம்மா, ஒவ்வொரு மரத்துலயும் காயம் பட்ருக்கு பாரு” என்கிறார். அந்த ஒரு வரியில் அலிபை உடைந்துபோகிறது. தோட்டத்துக் கதையில் மட்டுமே வரக்கூடிய காட்சி இது.

மங்கில், அதாவது மரத்தில் பால் பிடிக்க வைக்கும் கோப்பையில், இருக்கும் பாலும் பேசும். எடுக்க ஆளில்லாமல் விட்டால் அது தானாக உறைந்து கட்டிப்பாலாகிவிடும். ஒரு நிரையில் பாதி மரங்களின் மங்கு காலியாகவும் மீதி மங்குகளில் பால் கட்டியாகவும் இருந்தால், பால் எடுத்துக்கொண்டு வந்தவர் எந்த மரத்தடியில் நின்றுபோனார் என்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: சிறுதோட்டக்காரர்கள் பலர் இப்போது கட்டிப்பாலாகவே எடுத்து விற்கிறார்கள். உங்கள் கதைத் தோட்டம் எந்த வகை என்று முன்பே தீர்மானித்துவிடுங்கள். இல்லையென்றால் விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை. தோட்ட ஆபீசில் மழையளவைத் தினமும் குறித்து வைப்பார்கள். “அன்னிக்கி மழை, வேலை இல்லை, வீட்ல தூங்கினேன்” என்பவரை அந்தக் குறிப்பே காட்டிக்கொடுக்கும். செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பதிவேட்டில், யாருக்குப் பெயர் போட்டிருக்கிறது, யாருக்கு இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

செம்பனையில் வேறு வகை. வெட்டிய குலையின் காம்பில் வெட்டியவரின் எண்ணைக் குறித்துவைப்பது வழக்கம், எண்ணிக்கைக்காக. ஆலையின் எடைமேடையில் ஒவ்வொரு லோரிக்கும் ஒரு சீட்டு: வண்டி எண், நேரம், ஏற்றிய எடை, இறக்கிய பின் எடை. எலிகளைப் பிடிக்க ஆந்தை வளர்ப்பார்கள். அதற்குக் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் யாரும் கை விட்டுப் பார்ப்பதில்லை. இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன், நீங்கள் எழுதுங்கள்.

பூச்சிமருந்தால் கொலை? தோட்டத்தில் சுலபமாகக் கிடைக்குமே?

பாராகுவாட் மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. இன்றைய கதையில் அது மளிகைச் சாமான் போலக் கிடைப்பதாக எழுதினால் பிழை. ஸ்டோர் மூலையில் பழைய டின் ஒன்று மிச்சமிருந்தது என்றால், அதை யார் வைத்திருந்தார் என்பதே ஒரு தடயம். உடற்கூறு மாதிரிகள் இரசாயன இலாகாவுக்குப் போய் அறிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டும். மறுநாள் காலையே முடிவு வந்ததாக எழுதாதீர்கள். என் தனிப்பட்ட வேண்டுகோள் ஒன்று: இந்த மருந்துகளால் உயிரையும் உடல்நலத்தையும் இழந்த பெண்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். வெறும் திருப்பத்துக்காக விஷத்தைக் கொண்டுவராதீர்கள்.

அடையாள அட்டை எண்ணை வைத்து ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

நிறைய. பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம்: 08 பேராக், 02 கெடா, 10 சிலாங்கூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். சுங்கை சிப்புட் லயத்திலேயே பிறந்தேன் என்று உரிமை கோரி வரும் பேரனின் எண்ணில் நடுவே 02 இருந்தால் துப்பறிவாளர் புருவத்தை உயர்த்த வேண்டும். கெடாவில் அம்மா வீட்டில் பிறந்திருக்கலாம், அதுவும் நம்மவர் வழக்கம்தான். எனவே அதை ஆதாரமாக்காமல் ஒரு கேள்வியாக மட்டும் வையுங்கள்.

போலீசை வில்லனாக்கலாமா?

சோம்பேறி இன்ஸ்பெக்டரும் வேண்டாம், ஊழல் இன்ஸ்பெக்டரும் வேண்டாம். இரண்டும் தேய்ந்துபோன பாத்திரங்கள். வேலைப் பளுவில் இருக்கும் நேர்மையான ஒரு புலனாய்வு அதிகாரியை எழுதிப் பாருங்கள். அவருக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடுவே கதைக்கு வேகம் கொடுக்கும். பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 14 ஆண்டு சிறைக்குக் குறைந்த குற்றம் என்றால் தடுப்புக்காவல் முதலில் அதிகபட்சம் 4 நாள், பிறகு 3 நாள். கொலை போன்ற குற்றம் என்றால் 7 நாள், மறுபடி 7 நாள். தவறான ஆள் லோக்காப்பில் இருக்கிறான், பதினான்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் அம்மா துப்பறிவாளரின் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

நீதிமன்றக் காட்சிக்கு என்ன கவனம்?

நடுவர் குழு (ஜூரி) இங்கே கிடையாது. 1995இலேயே ஒழித்துவிட்டார்கள். கொலை வழக்கை உயர் நீதிமன்ற நீதிபதி தனியாக விசாரிப்பார். பேராக்கில் என்றால் ஈப்போவிலோ தைப்பிங்கிலோ. கட்டாய மரண தண்டனையும் 2023 ஜூலையில் நீங்கியது. கொலைக்கு இப்போது நீதிபதி மரண தண்டனையோ 30 முதல் 40 ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம், சிறை என்றால் பிரம்படியும் உண்டு. பழைய சினிமாவைப் பார்த்து எழுதினால் இந்த இடத்தில்தான் சறுக்கும்.

உரையாடலை எந்தத் தமிழில் எழுதுவது?

அவர்கள் பேசும் தமிழில். மெட்ராஸ் பேச்சும் வேண்டாம், வானொலிச் செய்தித் தமிழும் வேண்டாம். மலாய்ச் சொல் வருகிற இடத்தில் வரட்டும், அடிக்குறிப்பு போட வேண்டாம். முறை சொல்லிக் கூப்பிடுவதில் மட்டும் தப்பக் கூடாது. வயதான மண்டோர் துப்பறிவாளருக்குத் தாத்தா. கடைக்காரச் சீனர் தவுக்கே. மலாய் இன்ஸ்பெக்டர் துவான். தன்னைவிட இளைய தமிழ்ப் போலீஸ்காரர் என்றாலும் ஸ்டேஷனுக்குள் சார், வெளியே தம்பி. ஒரு மாதிரி தருகிறேன் (பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம், சடக்கு என்பது சாலை):

“பாட்டி, அன்னிக்கி அவரு பெரட்டுக்கு வந்தாரா?”

“வந்தாருதாம்மா. நிரைக்குப் போவல. மோட்டர எடுத்துக்கிட்டு சடக்குப் பக்கம் போனாரு.”

“யார்கூடயாச்சும் பேசினாரா?”

“அது இருக்கட்டும். நீ யாரு வூட்டுப் புள்ள?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு அவள் என்ன பதில் சொல்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான் பாட்டி மேற்கொண்டு வாயைத் திறப்பார்.

குண்டர் கும்பல் இல்லாமல் கதை விறுவிறுப்பாக இருக்குமா?

இருக்கும். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த இளைஞன் என்றாலே பாராங்கத்தியும் பச்சை குத்திய கையுமாகக் காட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபமே வருகிறது. கும்பல்கள் இல்லை என்று சொல்லவில்லை. பையனை அங்கே தள்ளியது எது, அவனை வைத்துச் சம்பாதிப்பவர் யார் என்பதை எழுதாமல் கத்தியை மட்டும் எழுதுவது நம் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். கும்பலைச் சேர்ந்த ஒருவன் உங்கள் கதையில் சாட்சியாக வரட்டும், சாட்சி சொல்ல அவன் பயப்படும் பயம் உண்மையாக இருக்கட்டும்.

முனியாண்டி, பேய், செய்வினை இவற்றைச் சேர்க்கலாமா?

நம்பிக்கையாகச் சேர்க்கலாம், விடையாகச் சேர்க்கக் கூடாது.

வங்காளதேசி, இந்தோனேசிய, நேப்பாளத் தொழிலாளர்களை எப்படிக் காட்டுவது?

இன்று தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் அவர்கள்தான். லயத்தில் நம் தாத்தா இருந்த அறையில் இப்போது அவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கதையில் அவர்களே முதல் சந்தேக நபர்களாவார்கள், ஊர் அப்படித்தான் கைகாட்டும். துப்பறிவாளர் அந்தக் கையோடு சேர்ந்து கைகாட்டாமல் இருக்கட்டும். பாஸ்போர்ட் யார் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்கட்டும். நூறு வருடத்துக்கு முன் கங்காணியிடம் கடன்பட்டுக் கப்பலேறியவர்களின் பேத்தி அவள்; அந்தக் கேள்வி அவளுக்கு இயல்பாகவே வரும்.

முதல் வேலையாக என்ன செய்ய?

ஒரு செம்பனை ஆலையின் எடைமேடைப் பக்கம் அனுமதி கேட்டு ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். பிறகு நில அலுவலகத்தில் ஒரு தேடல் மனு போட்டுப் பாருங்கள், உங்கள் சொந்தத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கானதாக இருந்தாலும் போதும். பிறகு உங்கள் குடும்பத்தில் மரம் வெட்டிய யாராவது உயிரோடு இருந்தால், உளியை எப்படிப் பிடிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டு முடித்த அன்றே முதல் அத்தியாயத்தைத் தொடங்கிவிடுங்கள், அடுத்த பள்ளி விடுமுறை வரை தள்ளிப்போட வேண்டாம்.